கூப்பிடு தூரம்

ஒன்பது பிள்ளைகள், ஆறு வகுப்புகள், ஒரே அறை.
உருகுவாயின் வடக்கே,
கம்பி வேலியும் புல்லும் தவிர
கண்ணுக்கு வேறு வேலையில்லாத நிலம்.
பேருந்து நிற்கும் திருப்பத்திலிருந்து
பள்ளிக்கு ஒரு மணி நேர நடை,
சேறு மனது வைத்தால்.

மடிக்கணினிகள் பெட்டியில் வந்தன,
பச்சையும் வெள்ளையுமாய்,
முயல்காது போல இரண்டு ஆன்டெனாவோடு.
கைப்பிடி இருந்ததால் முதல் வாரம் முழுக்க
பால்வாளி மாதிரி ஆட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

கணக்குச் செயலி எதற்கும் கைதட்டும்.
ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்றால் பெரிய நட்சத்திரம்.
பதினொன்று என்றால்
‘கிட்டத்தட்ட!’ என்று ஒரு குட்டி நட்சத்திரம்.
குட்டிதான் அழகு என்று
நெரேயா வேண்டுமென்றே தப்புப் போட்டாள்.
திருத்த எனக்கு மனம் வரவில்லை.
செயலிக்கு விஷயமே தெரியாது.

மூன்றாம் எண் கணினியில்
தலைக்குமேல் நெளி வைத்த எழுத்தின் விசை
பெயர்ந்துவிட்டது.
அந்த நெளி இல்லாமல்
எங்கள் மொழியில் ‘ஆண்டு’ என்று எழுதப்போனால்
உட்காரும் இடத்திலுள்ள துவாரத்தின் பெயர் வந்து விழும்.
‘எனக்கு எட்டு இருக்கிறது’ என்று
தன்னைப் பற்றிய கட்டுரையைத் தொடங்கினான் நாஹுவேல்.
சமையற்கார சுல்மா சிரித்த சிரிப்பில்
அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது.

நான் சொல்ல வந்தது இதையல்ல.
வாஷிங்டனையும் எல்பியோவையும் பற்றி.

(வாஷிங்டன் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பது இங்கே
கறுப்பு நாய்க்குக் கறுப்பு என்று வைப்பதுபோல.
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.)

வேலி தாண்டிய ஒரு கிடாயின் பொருட்டு
தகப்பன்மார் முகம் முறிந்து மூன்று மாதம்.
பிள்ளைகள் அறையின் இரண்டு மூலையில்.
இரவல் பென்சில்கூட
நெரேயா வழியாகத்தான் போய்வரும்.

அன்று அளவைப் பாடம்.
மீட்டர் குச்சியை எப்போதோ அடுப்புக்கு
முறித்துவிட்டிருந்தாள் சுல்மா.
கணினியில் ஒரு செயலி உண்டு:
ஒன்று ‘டிக்’ என்னும்.
மற்றது காதில் வாங்கிக்கொண்டு ‘டிக்’ என்னும்.
சத்தம் போய்ச்சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டு
நடுவிலுள்ள தூரத்தைச் சொல்லும்.
மின்னேற்றம் மிச்சமிருந்தவை இரண்டே கணினிகள்.
ஒன்று அவனிடம், மற்றது இவனிடம்.
சத்தியமாக நான் திட்டமிடவில்லை.

அறைக்குள் நான்கு மீட்டர் பத்து.
முற்றத்தில் ஏழரை.
நீல நாடா முடிந்த வெள்ளை மேலங்கிகள் படபடக்க
கொடிமரத்தடியில் ஒருவன்,
தண்ணீர்த் தொட்டியோரம் ஒருவன்,
வாயை இறுக மூடிக்கொண்டு.
கையிலிருந்தவை பேசின.
டிக்.
டிக்.

அப்போதுதான் புல்லிலிருந்து
தேரோ, தேரோ என்று
தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு
எழுந்தது ஓர் ஆட்காட்டிப் பறவை.
திரையில் இருநூற்று ஆறு மீட்டர்.

எல்பியோ திரையைப் பார்த்தான்.
எதிரே நின்றவனைப் பார்த்தான்.
கணினியை ஒரு தட்டுத் தட்டினான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

‘அவ்வளவு தூரத்திலா நிற்கிறாய்?’
கத்தியேவிட்டான்.

‘இங்கேதான் நிற்கிறேன்.’

‘அப்புறம் ஏன் இது பொய் சொல்கிறது?’

‘பறவை!’

‘என்ன?’

‘பறவைடா, மடையா!’

மூன்று மாதத்தில் முதல் வசவு.
வகுப்பில் அந்தச் சொல்லுக்குத் தண்டனை உண்டு.
நான் கதவோரம் நின்று
என் மாத்தே குவளையின் அடியை
வெகுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

ஒன்பது சதவீதத்தில் வாஷிங்டனின் கணினி அணைந்தது.
எல்பியோவினுடையது கொஞ்ச நேரம்
தனியாக டிக் டிக் என்றது.

மாதப் படிவத்தில்
‘பயன்பாட்டு நேரம்’ என்று கேட்டிருந்தார்கள்.
இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதினேன்.
‘கற்ற திறன்’ என்றும் கேட்டிருந்தார்கள்.
மீட்டர், சென்டிமீட்டர்.

மறுநாளும் அதே மூலைகள்தாம்.
ஆனால் பென்சில் நெரேயா வழியாகப் போகவில்லை.
காற்று வழியே நேராகப் பறந்து
என் காதில் பட்டது.

கிடாய் யாருடையது என்பது
இன்னும் தீரவில்லை.
சில நாள் வேலிக்கு இந்தப் பக்கம் மேய்கிறது,
சில நாள் அந்தப் பக்கம்.